ஜெர்மனி போகும் பிள்ளைகளின் இந்திய சிம்: ஞாயிறு மாலை 6 மணிக்குள் பதில் தேவை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கிளம்பும் பிள்ளைகளுக்காக இது.

1. விமானம் ஏறும் முன்பே சர்வதேச ரோமிங்கை (இந்திய எண் வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதி) இயக்கிவிடுங்கள். போன வருடம் மியூனிக்கில் இறங்கிய என் மகள், வங்கி ஓடிபி வராமல் ராத்திரி முழுக்க போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.
2. டேட்டா ரோமிங் (அந்த சிம்மில் வெளிநாட்டில் இணையம்) மட்டும் அணைந்திருக்கட்டும்.
3. 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண் பறிபோகலாம். ரீசார்ஜ் தேதியை நீங்களே குறித்து வையுங்கள்.
4. வாட்ஸ்அப்பில் பழைய எண்ணே போதும்.
5. அங்கே சிம் வாங்க பாஸ்போர்ட் வேண்டும். அவசர எண் 112.

முடித்ததும் பிள்ளையின் பெயரோடு ‘ரோமிங் சரி’ என்று இங்கே போடுங்கள். புரியாவிட்டால் தயங்காமல் கூப்பிடுங்கள்.