பெயர் நீக்கச் சான்று

மதுரை
14.6.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் பழையபடிதான். மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை. அண்ணன் போன மாதம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். உன்னைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

குடும்ப அட்டையிலிருந்து உன் பெயரை நீக்கிச் சான்று அனுப்பும்படி மார்ச்சில் கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் ஒரே வரி. ஏன் என்று இல்லை, அம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூட இல்லை. முப்பத்தொரு வருடம் நீதிமன்ற அமீனாவாகத் தெருத் தெருவாகச் சம்மன் கொடுத்தவனுக்கு, மகளிடமிருந்து நோட்டீஸ் வந்ததுபோல் இருந்தது. அதனால்தான் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான்.

சான்று ஏப்ரலிலேயே கைக்கு வந்துவிட்டது. பீரோவில், உன் மதிப்பெண் பட்டியல்கள் இருக்கும் அதே பச்சை உறைக்குள் கிடக்கிறது. இ-சேவை மையத்தில் இருந்த பெண், "மகளுக்குக் கல்யாணமா ஐயா?" என்று கேட்டாள். பெண் பிள்ளையின் பெயரை நீக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தானே வருவார்கள்? "இல்லையம்மா, சென்னையில் தனியாக இருக்கிறாள்" என்றேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் அந்தத் 'தனியாக' உறுத்தியது.

வேறொன்றும் சொல்ல வேண்டும். செய்தி என்பதற்காகத்தான் சொல்கிறேன். தன்பாலீர்ப்புத் துணைகளைக் குடும்ப அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்குச் சொல்லியிருப்பதாக 2024 செப்டம்பரில் செய்தி வந்தது. அதற்கு முந்தைய மாதம், கூட்டாக வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. யாருக்காவது பயன்படும் என்று இரண்டையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்குப் போகிறவர் கையில் நகல் இருப்பது நல்லது. கவுன்டரில் இருப்பவரிடம் வாயால் சொன்னால் எடுபடாது, காகிதத்தை நீட்ட வேண்டும்.

காகிதம் முக்கியம். 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலீர்ப்பினர் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று முடித்துவிட்டார்கள். இந்த ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி. தாலியும் பதிவும் உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரியில் யாரும் கேள்வி கேட்பதில்லை. இல்லாதவர்கள் ஒவ்வொன்றையும் எழுதித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். நாமினி எழுதிவை. சின்ன வயது என்று பார்க்காமல் உயிலும் எழுதிவிடு, சாட்சி இரண்டு பேர் வேண்டும். உயில் என்றதும் அம்மா அழுவாள், அவளிடம் சொல்லாதே.

நான் இதையெல்லாம் படிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. 2013 டிசம்பரில் நான் நாளிதழைப் படித்துக்கொண்டு பேசியதுதான் உனக்குத் தெரியும். தன்பாலுறவு குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் புரட்டிப்போட்ட செய்தி அது. "சரியான தீர்ப்பு" என்றேன். அதற்கு மேலும் இரண்டு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். நீ ப்ளஸ் டூ. தட்டில் இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். பரீட்சை பயம் என்றாள் அம்மா. நாட்டு மக்கள்தொகையில் இவர்கள் மிகச் சிறு பகுதியினர் என்று அந்தத் தீர்ப்பில் இருந்தது. நம் வீட்டில் நான்கு பேர். நான்கில் ஒருவர் எந்தக் கணக்கில் சிறு பகுதி?

2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதையும் திருத்தினார்கள். அந்த ஐந்து பேரில் இந்து மல்ஹோத்ரா என்ற பெண் நீதிபதி, இவர்களிடமும் இவர்களுடைய குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பத்தார் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அவர் பெரிய மனதோடு எங்களையும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டார். நம் வீட்டு வழக்கில் நான் அந்தப் பக்கம் நிற்க வேண்டியவன் இல்லை.

2021 தீர்ப்பு நம் ஊர்ப் பெண்கள் இருவருடையது. பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க, அவர்கள் சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் உத்தரவு போட்டார். சிகிச்சை செய்து 'மாற்றுகிறேன்' என்று சொல்கிறவர்களுக்கும் தடை விதித்தார். எத்தனையோ நீதிபதிகளின் உத்தரவை உறையிலிட்டுச் சுமந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது என்று எழுதிய ஒருவரை அதுவரை பார்த்ததில்லை. அன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள பாப்பாவுக்கு' வரை எழுதினேன்.

போன மாதம் 22-ம் தேதி வந்த தீர்ப்பை நீயும் பார்த்திருப்பாய். இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவள் வீட்டாரே அடைத்துவைத்த வழக்கு. அவளை விடுவித்த உயர் நீதிமன்றம், தானே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல் இருந்துவிடுவதில்லை என்றும் அதில் இருக்கிறது. அவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், மகனை ஊரறியத் தாங்கிப் பேசியவர். நான் அமீனா. அவர்கள்போல் பெரிய இடத்தில் பிறக்கவில்லை, படிக்கவில்லை என்றெல்லாம் மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஏனென்றால் நான் அடைத்துவைக்கவில்லையே தவிர, வேறொன்று செய்தேன்.

2016 மே மாதம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்து நீ வீட்டுக்கு வந்திருந்தாய். உன் பெயருக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. நீ அத்தை வீட்டுக்குப் போயிருந்தாய். அனுப்பியவர் இடத்தில் இருந்த பெயரை உன் நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் இங்கு இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று தபால்காரரிடம் சொன்னேன். எட்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கும் அதையே சொன்னேன். அந்தக் கோடை முழுவதும் சைக்கிள் மணி கேட்டால் நீ வாசலுக்கு வந்தாய். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மனை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களை எவ்வளவு திட்டியிருப்பேன்! வாங்க மறுத்தார் என்று எழுதித் திருப்பினாலும் சார்வு ஆனதாகவே, அதாவது கையில் கொடுத்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மறுத்தவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்கும் 2016 முதல் தெரியும், பாப்பா.

அந்தப் பெயர்தான் இப்போது உன் வீட்டுக் கதவிலும் இருக்கிறது என்று அண்ணன் மூலம் அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொன்னவள் அவள்தான். நான் தடுத்தும் நீங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டீர்கள் என்பதில் எனக்கு என்ன பெருமை இருக்க முடியும்? ஆனால் இருக்கிறது. அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டேன் என்று அவளிடம் நீ சொல்லலாம். நானே சொல்ல வேண்டும் என்றால் வந்து சொல்கிறேன்.

வாடகை ஒப்பந்தத்தை மறந்துவிடாதே. இரண்டு பெயர்.

சான்றும் இரண்டு செய்தி நறுக்குகளும் இத்துடன் இருக்கின்றன. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். நீ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தபால்காரர் வந்தால் திரும்பிப் போக விடாதீர்கள். சம்மன் கொடுக்கப் போகும்போது ஆள் இல்லையென்றால், அதே வீட்டில் வசிக்கும், வயது வந்த குடும்பத்தவரிடம் கொடுக்கலாம் என்பது எங்கள் விதி. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். அட்டை எனக்குத் திரும்பி வரும்.

அன்புடன்,
அப்பா