அங்குலமும் பிக்சலும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய, பாட்டும் படமும் ஓடும் கையடக்கக் கருவிகளான இரண்டு சோனி வாக்மேன்களின் விவரங்களையும் நிதானமாகப் படித்தேன். ஏ306 கருவியின் திரை 3.6 அங்குலம்; இசட்எக்ஸ்707 கருவியின் திரை 5 அங்குலம்; படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளான பிக்சல்கள் இரண்டிலும் 1280-க்கு 720தாம். பிக்சல் கூடாமல் திரை மட்டும் பெரிதானால் படம் மங்கிவிடாதா என்று கேட்டிருந்தாய்.

நேற்று அலமாரியிலிருந்து உன் பழைய ஐபாட் நானோவையும் அண்ணனின் ஐபாட் கிளாசிக்கையும் எடுத்து சார்ஜ் ஏற்றினேன். இரண்டும் 2007-ஆம் ஆண்டு வந்தவை. இரண்டிலும் 320-க்கு 240 பிக்சல்கள். நானோவின் திரை 2 அங்குலம், கிளாசிக்கின் திரை 2.5 அங்குலம். பாட்டியின் படத்தை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். கிளாசிக்கில் மூக்குக்கண்ணாடியின் விளிம்பு படிக்கட்டுப் போலத் தெரிந்தது. நானோவில் அதே விளிம்பு வழவழப்பாக இருந்தாலும், பாட்டியின் முகம் என் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. உன் கேள்வி முழுவதும் இந்த இரண்டு திரைகளுக்குள் இருக்கிறது.

இனிக் கணக்கைப் பார். செங்கோண முக்கோணத்துக்குக் கர்ணம் காண்பதுபோல 1280-ஐயும் 720-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1469 வரும். அதைத் திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் வகுத்தால், சிறியதில் அங்குலத்துக்கு 408 பிக்சல்களும் பெரியதில் 294 பிக்சல்களும் கிடைக்கும். ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது, அங்குலத்துக்கு 300 பிக்சல்களை நெருங்கிவிட்டால் இயல்பான கண்ணால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடிவதில்லை. எனவே பெரிய திரையில் நீ அஞ்சும் மங்கல் வராது. சிறிய திரையின் கூடுதல் நெருக்கத்தால் உன் கண்ணுக்குப் பெரிய ஆதாயமும் இல்லை.

மூலைவிட்டத்தைக் கொண்டு அளவை எடைபோடும்போதும் ஏமாந்துவிடாதே. 3.6-க்கும் 5-க்கும் 1.4 அங்குலந்தானே வேறுபாடு என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வடிவத் திரைகள் என்பதால் பரப்பு வர்க்கத்தில் கூடி, பெரியது சிறியதைப்போல ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. அகலத்திரைப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். மிஞ்சும் இடத்தில் சப்டைட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாக விழும் என்பதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும்.

எடையையும் மறக்காதே: சிறியது 113 கிராம், பெரியது 227 கிராம். பாட்டு மட்டும் கேட்பதாக இருந்தால் சட்டைப்பையில் அடங்கும் சிறியதையே வாங்கச் சொல்லியிருப்பேன். இரவு ரயிலில் படம் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய்; பத்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போடும் உன் கண்களை நினைத்தால் பெரியதே நல்லது என்று எனக்குப் படுகிறது.

கடைக்குப் போகும்போது சப்டைட்டில் உள்ள ஒரே படத்தை இரண்டிலும் ஓடவிட்டு, ரயிலில் மடியில் வைத்துப் பார்க்கும் அதே தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தத் திரையில் சிரமமின்றிப் படிக்க முடிந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா