சம்பளத்தில் பிடித்த வரியை மறுபடியும் கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரி வழக்குகளின் தேக்கம் பற்றிய தங்கள் தலையங்கம் பெருநிறுவனங்களின் வழக்குகளை மட்டுமே பேசியது. மாதச் சம்பளக்காரர்கள் வருமான வரித் துறையை எதிர்த்து உயர் நீதிமன்றப் படியேற நேர்கிற ஒரு வகை வழக்கும் உண்டு.

சம்பளத்தில் டி.டி.எஸ். என்ற பெயரில் வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட நிறுவனம் அதை அரசுக்குக் கட்டாமல் விட்டால், ஊழியரின் பெயரில் அரசுக்கு வந்து சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை ஏறாது. அவர் கணக்குத் தாக்கல் செய்ததும், வரிப் பாக்கி, அதற்கு வட்டி என்று அவருக்கே நோட்டீஸ் வருகிறது. பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று, 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. கட்டாத நிறுவனத்தை நடத்தியவர்களைச் சிறைக்கு அனுப்பவும் அதே சட்டத்தின் 276பி பிரிவு இடம் தருகிறது. ஆனால், மூழ்கிப்போன நிறுவனத்தைத் துரத்துவதைவிட, பான் எண்ணோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊழியரைப் பிடிப்பது துறைக்கு எளிது போலும்.

2012இல் சேவையை நிறுத்திய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் விமானிகள் சிலர் இதற்காகவே குஜராத், டெல்லி உயர் நீதிமன்றங்களுக்குப் போய் வென்றார்கள். இத்தகைய பாக்கிகளைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூனில் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தி, 2016 மார்ச்சில் அதை நினைவூட்டவும் செய்தது. வசூலிக்காதே என்றதே தவிர, பாக்கியை நீக்கு என்று வாரியம் சொல்லவில்லை. அதனால் பாக்கி இணையதளத்தில் அப்படியே நின்று, பின்வரும் ஆண்டுகளில் அவருக்குத் திரும்ப வர வேண்டிய வரிப் பணத்தை, அதாவது ரீஃபண்டை, விழுங்கிவிடுகிறது. அதுவும் மறைமுக வசூல்தான், 205ஆவது பிரிவு அதையும் தடுக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது.

வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வழக்குக்குப் போகாதவர்களைப் பற்றியே எனக்குக் கவலை. வரியைக் கட்டாத நிறுவனம், வரி பிடித்ததற்குச் சான்றிதழான படிவம் 16ஐப் பெரும்பாலும் தராது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும்தான் ஊழியருக்குச் சாட்சி. சீட்டுகள் எல்லாம் அலுவலக மின்னஞ்சலில் இருக்க, வேலை போன அன்றே அந்த மின்னஞ்சலும் முடக்கப்பட்டவர்களிடம் அந்தச் சாட்சியும் இருப்பதில்லை. கேட்கும் தொகை சில பத்தாயிரங்கள் என்றால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஆகும் செலவை விசாரித்துவிட்டு, தாங்கள் ஏற்கெனவே கொடுத்த வரியை வட்டியோடு மறுபடியும் கட்டிவிடுகிறார்கள். நீதிமன்றம் போனவருக்கு மட்டும் செல்லுபடியாகும் சட்டமாக 205ஐ நாடாளுமன்றம் இயற்றவில்லை.

சம்பளச் சீட்டோ, வங்கியில் வரவான நிகரச் சம்பளமோ வரிப் பிடித்தத்தைக் காட்டினால், மதிப்பீட்டு அதிகாரியே பாக்கியை நீக்கவும், அதற்காகப் பிடித்துக்கொண்ட ரீஃபண்டை வட்டியுடன் திருப்பித் தரவும் வாரியம் உத்தரவிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் ஏதும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.