பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கு: நோட்டை மூடிவிட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் அரசு தொடக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினராக இருக்கும் பெற்றோர்களுக்கு, வணக்கம்.

குழுக் கூட்டத்தில் சுற்றுச்சுவர் பற்றிக் கேட்கிறீர்கள், கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறீர்கள், காலை உணவில் உப்புமா குழைந்துபோனால் அதையும் விடுவதில்லை. கேட்க வேண்டியதுதான். ஏப்ரல் வெயிலில் மின்விசிறி ஓடாத வகுப்பில் எந்தப் பாடமும் ஏறாது என்பதை வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள் எதைக் கற்றிருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் எழாமலே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளையின் கற்றல் எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்வது ஆசிரியரின் கடமை என்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கேளுங்கள். இந்த வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் நாங்களே கேட்கச் சொல்கிறோம். எதைக் கேட்பது, எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த மடல்.

முதலில், நோட்டை நம்பாதீர்கள். பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும் நோட்டு, பிள்ளைக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுத வருகிறது என்பதைக் காட்டும். அதற்குமேல் எதையும் காட்டாது. 'படம்' என்று பத்து முறை எழுதிவரச் சொன்னால் பல பிள்ளைகள் மேலிருந்து கீழாகப் பத்து 'ப' போடுவார்கள், பிறகு பத்து 'ட', பிறகு பத்து 'ம்'. பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பிள்ளை 'படம்' என்ற சொல்லை ஒரு முறைகூட எழுதியிருக்காது. நாலு பக்கம் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லையே என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாசிப்பும் அப்படித்தான். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுப் படிக்கும்போது பாடம் மனப்பாடமாகிவிடுகிறது. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். உண்மையைத் தெரிந்துகொள்ள, பக்கத்தில் உள்ள படத்தைக் கையால் மறையுங்கள். கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். அதன்பிறகு பாடத்தில் இல்லாத சொற்களைக் கொடுங்கள். அதற்குப் பேருந்துப் பெயர்ப் பலகையைப்போல வசதியானது வேறில்லை. 'ஆரணி' எளிது. 'காட்பாடி'யில் ஒற்று வருகிறது. 'ஒடுகத்தூர்' படிக்கத் தெரிந்தால் டு, தூ இரண்டும் பிடிபட்டுவிட்டன என்று பொருள். 'பேரணாம்பட்டு' மூன்றாம் வகுப்புக்கு. ஒரு எச்சரிக்கை: பிள்ளை அடிக்கடி போய்வரும் ஊரின் பெயரைக் கொடுக்காதீர்கள். அதை எழுத்து கூட்டாமல் உருவத்தை வைத்தே சொல்லிவிடும்.

தமிழில் பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாப் பாடமும் இதன்மேல்தான் நிற்கிறது. 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் கற்க வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், இவற்றோடு ஒன்பது பத்துக் குறிகள். கோடு அதிகம் வளையாமல் எழுதவரும் ட, ப, ம என்று தொடங்கினால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம் என்று சொற்களாகப் படிக்கலாம். 'அ' எழுதுவதற்குக் கடினமான வளைவு. அதில் தொடங்கி வரிசையாகப் போனால் ஒரு முழுச் சொல்லைப் படிக்கும் மகிழ்ச்சி வெகு நாள் கழித்துத்தான் கிடைக்கும். அகர வரிசை பாட்டாகக் காதில் விழட்டும், கைக்கு வேறு வரிசை வேண்டும்.

கா, கி, கீ வரை பெரும்பாலும் தடங்கல் இல்லை. கு, கூ வந்ததும் வண்டி நிற்கும். காரணம் பிள்ளையிடம் இல்லை, எழுத்தில் இருக்கிறது. மற்றக் குறிகளெல்லாம் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே உருவம். உகரக் குறி அப்படியில்லை. பு, சு, வு ஒரு மாதிரி. மு, டு, ளு இன்னொரு மாதிரி. து, நு, லு மூன்றாவது மாதிரி. 'பூ' எழுதக் கற்ற பிள்ளை அதே வாலை 'க'வுக்கும் 'ச'வுக்கும் போடும்; ஆனால் கூ, சூ இரண்டின் உருவமே வேறு. இந்த இரண்டு வரிசைக்கு மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு நாள் ஒதுக்க வேண்டும். ஒரே உருவ மாற்றம் கொண்ட எழுத்துகளைக் குழுவாகச் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். அந்த வாரங்களில் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும், பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்கும் அந்த ஓட்டை மூன்றாம் வகுப்பிலும் இருக்கும். உகரம் வராததை 'மந்தம்' என்று பெயர் வைத்து விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

அடுத்த இடறல் கெ, கே, கொ, கோ. ஒலியில் மெய் முன்னால் வருகிறது, உயிர் பின்னால். எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. பிள்ளை காதில் கேட்ட வரிசைப்படி 'த'வை எழுதிவிட்டு, பிறகு கொம்புக்கு இடமில்லாமல் அதை இடுக்கிச் செருகும். தேன் என்பது தென் ஆவதும் இங்கேதான். சொல்வதை எழுதுதலில் தினமும் நாலு சொல் போதும்: தேள், தெரு, கொடி, கோடு. நாற்பது சொல் வேண்டாம்.

நம் பக்கத்துப் பேச்சில் பழம் 'பயம்' ஆகும், மழை 'மய' ஆகும். பிள்ளை அப்படியே எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. காது கேட்டதைக் கை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அடித்துத் திருத்துவதைவிட, 'வீட்டில் இப்படிச் சொல்வோம், புத்தகத்தில் இப்படி எழுதுவோம்' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கும், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருதும் வீட்டு மொழியாக இருக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் 'முயல்' என்று பிழையில்லாமல் படித்துவிட்டு அது என்னவென்று தெரியாமல் நிற்பார்கள். படிக்கத் தெரிகிறதா என்பதோடு, படித்ததை அவர்களுடைய பேச்சில் திரும்பச் சொல்லத் தெரிகிறதா என்றும் பாருங்கள். எந்த மொழியில் சொன்னாலும் கணக்கில் சேரும்.

வீட்டில் பிள்ளை படிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் சொல்லைக் கையால் மூடி, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டுங்கள். சொல் வந்ததும் அந்த வரியை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாகத் திணறும் பிள்ளைக்கு வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும்; இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பொருள் சேரும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

கணக்குக்கு வருவோம். 'என் பிள்ளை நூறு வரைக்கும் சொல்லும்' என்பது எண் அறிவு இல்லை, அது ஒரு பாட்டு. பதின்மூன்று புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு அவற்றைக் கண்முன்னாலேயே கலைத்துப் பரப்பி, 'இப்போது எத்தனை?' என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், எண்ணிக்கை மாறாது என்பது இன்னும் மனசில் உறைக்கவில்லை. அடுத்து 13 என்று எழுதச் சொல்லி, '3' எந்தக் கொட்டைகளைக் குறிக்கிறது என்று கேளுங்கள், மூன்றைக் காட்டும். '1' எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். ஒரே ஒரு கொட்டையைத் தொட்டுக் காட்டினால் இடமதிப்பு தெரியாது என்று அர்த்தம். மீதி ஒன்பது கொட்டை எங்கே போனது என்ற கேள்வியே அந்தப் பிள்ளைக்குத் தோன்றாது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும், 42இல் இருந்து 17ஐக் கழித்து 35 என்று விடை சொல்வதும் இதே நோயின் வேறு அறிகுறிகள். 2இல் 7 போகாது என்பதால் 7இல் இருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள்.

'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லித்தருவதால் இது தீராது. குச்சிக் கட்டு வேண்டும். விளக்குமாற்று ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். குடியாத்தம் பக்கம் மருந்து வைக்காத தீக்குச்சி கிடைத்தால் அதுவும் சரி. நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி எடுக்க முடியவில்லை. ஒரு கட்டைப் பிள்ளையே தன் கையால் அவிழ்க்க வேண்டும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழை எடு, ஐந்து மிச்சம். ஒரு கட்டை எடு, இரண்டு மிச்சம். 25. ஆசிரியர் மேசைமேல் வைத்துச் செய்து காட்டுவதால் பயனில்லை. இரண்டு பிள்ளைக்கு நூறு குச்சி என்று கணக்கு வையுங்கள். இருபது பேர் உள்ள வகுப்புக்கு ஆயிரம். குறைந்தால் கெட்டிக்காரப் பிள்ளை செய்யும், மற்றது வேடிக்கை பார்க்கும்.

வாக்கியக் கணக்கில் இன்னொரு கோளாறு. 'மொத்தம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுவார்கள். 'கூடையில் மொத்தம் 12 முட்டை, அதில் 5 உடைந்துபோனது, மீதி எத்தனை?' என்றால் 17 என்பார்கள். 'மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி' என்று குறுக்குவழி சொல்லித்தருவதன் விளைவு இது. உடைந்தபின் முட்டை அதிகமாகுமா என்று கேட்டால் தானே சிரித்துத் திருத்திக்கொள்ளும்.

உங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதற்கெல்லாம் நாம் யார் என்று ஒதுங்க வேண்டாம். இருபத்தைந்து பீடியைக் கட்டாகக் கட்டி, ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்று வாயாலேயே சொல்லும் அம்மாவைவிட இடமதிப்பைச் சோதிக்கத் தகுதியானவர் யார்? (அந்தக் கட்டைக் கட்டப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.)

சூழ்நிலையியலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிள்ளை கண்ணால் கண்டதற்கு மதிப்பெண் கிடைக்கிறதா? 'ஆற்றில் என்ன இருக்கும்?' என்ற கேள்விக்கு 'மணல்' என்று எழுதும் பாலாற்றங்கரைப் பிள்ளை தப்பாக எழுதவில்லை. தண்ணீர் எப்போது வந்தது என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னால் 2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி எல்லார் வீட்டிலும் சொல்வார்கள்; அது நல்ல பாடம். இலவம்பாடி முள் கத்தரிக்காய், முருங்கை, முள்ளங்கி, கீரை என்று சந்தைக் காய்களைக் கொட்டி, செடியில் எது காய், எது வேர், எது இலை என்று பிரிக்கச் சொல்லலாம். செலவே இல்லை.

ஆங்கிலத்துக்கு அவசரம் வேண்டாம். முதல் ஆண்டு காதும் வாயும்தான்: சொன்னதைச் செய்வது, பெயர் சொல்வது, பாட்டு. சிறிய எழுத்து 'b'யும் 'd'யும் இடம் வலம் மாறுவது ஏழு வயதுவரை சகஜம். கூட்டெழுத்தில் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். களிமண் உருட்டுவது, காகிதம் கிழித்து ஒட்டுவது எல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஐந்து வயதில் விரலுக்குப் பலம் வராமல் பென்சில் பிடிக்கும் பிள்ளை தாள் கிழியும்படி அழுத்தி எழுதும், கை வலித்து அரைப் பக்கத்தில் நிறுத்திவிடும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் அரும்புப் புத்தகத்தைப் பார்த்ததும் சில வீடுகளில் அடி விழுகிறது. மறுநாள் வந்து மலர் புத்தகம் கேட்கிறார்கள். புத்தகம் மாறினால் நிலை மாறிவிடாது. 'எந்த இடத்தில் நிற்கிறாள்? அதற்கு இந்த மாதம் என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று கேளுங்கள். 'உகர வரிசையில் நிற்கிறாள்' என்று பதில் வந்தால் அந்த ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். 'கொஞ்சம் வீக்' என்று வந்தால் விடாமல் மறுபடி கேளுங்கள்.

எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறோம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அப்படிப்பட்ட பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்பையும் சேர்த்து நடத்துகிறார். அவரையும் வேறு வேலைக்கு இழுத்தால் வகுப்பு என்பதே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. அதை மீறி எத்தனை நாள் போனது என்று குறித்துவைத்துத் தீர்மானமாகப் போடுங்கள். ஆண்டுக்கு 200 வேலை நாளில் இருந்துதான் அது கழிகிறது.

அடுத்த கூட்டத்தில் முதல் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு நான்காவது பெயராக எடுங்கள்; நாங்கள் பொறுக்கித் தரும் பிள்ளைகள் வேண்டாம். தனித்தனியாக, மற்றப் பிள்ளைகள் இல்லாத இடத்தில், மேலே சொன்ன ஊர்ப் பெயர்களையும் புளியங்கொட்டையையும் வைத்துப் பாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்: இத்தனை பேரைப் பார்த்தோம், இத்தனை பேருக்கு உகரம் வரவில்லை, இத்தனை பேர் '1'க்கு ஒரு கொட்டையைக் காட்டினார்கள். அதன்கீழே மறுபடி பார்க்கும் தேதியையும், ஆயிரம் குச்சி யார் கொண்டுவருவது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்.