அட்டவணையில் ஓய்வுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகள் வாரத்தில் ஏழு நாளும் பயிற்சிக்கு வர வேண்டும், ஒரு நாள் விட்டாலும் உடம்பு இறுகிவிடும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒலிம்பிக் வரை போன ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாக்கரை உதாரணமாகவும் காட்டியிருந்தார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால் என் மகள் பட்ட பாட்டைச் சொன்னால் வேறு நாலு பெற்றோருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திருமங்கலத்தில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மகளுக்கு இப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. எட்டு வயதில் பள்ளி மைதானத்தில் அவள் கரணம் அடிப்பதைப் பார்த்த பி.டி. டீச்சர் சொல்லித்தான் மதுரையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்த்தோம். பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர் பால், அப்புறம் டவுன் பஸ், ஆறு முதல் எட்டு வரை பயிற்சி. வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால்தான் இந்தப் பயணம் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு போட்டி வந்தது. ஒரு மாதம் ஞாயிறு உட்பட எல்லா நாளும் வரச் சொன்னார்கள். தினமும் 'பார்', அதாவது உயரத்தில் இருக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிச் சுழலும் பயிற்சி. நானும் சரி சரி என்று அனுப்பினேன். ஒரு புதன்கிழமை இரவு, ரசம் சாதத்தில் கை வைத்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரித்துப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையிலும், விரல்கள் தொடங்கும் இடத்தில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் பிய்ந்து தொங்கியது. உள்ளே சதை ரோஸ் நிறத்தில் தெரிந்தது. ஓரத்தில், பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சாக் பவுடர் கழுவியும் போகாமல் இருந்தது. "நாளைக்கும் பார் இருக்கும்மா, கோச்கிட்ட சொல்லிராத" என்றாள். அன்று நான்தான் ஊட்டிவிட்டேன்.

அதற்கடுத்த பத்து நாளில் குதிகால் வலி. காலையில் பாயை விட்டு எழுந்தால் நொண்டினாள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு விளக்கினார். இந்த வயதில் குதிகால் எலும்பில் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்படவில்லை, ஓடுவதும் குதிப்பதுமாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் தசைநார் அந்த இடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், குதிப்பதை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்றார். ஆறு வாரம் வீட்டில் இருந்தாள். போட்டியும் போயிற்று.

இப்போது போகும் இடத்தில் கோச் முதல் நாளே பள்ளி டைம்டேபிளைக் கேட்டு வாங்கினார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னையும் உட்காரவைத்து, வார அட்டவணை போட்டார். திங்கள் வால்ட், அதாவது ஓடி வந்து மேசை போன்ற கருவியில் கை ஊன்றித் தாண்டுவது, ஞாயிறு ஓய்வெடுத்த கால் அன்றுதான் புதிதாக இருக்கும். செவ்வாய் பார். புதன் பீம் என்கிற ஒடுக்கமான கட்டை மேல் பயிற்சி, அதிகம் குதிக்காமல். வியாழன் லீவு. வெள்ளி மறுபடி பார். இடையில் இரண்டு நாள் கிடைப்பதால் உள்ளங்கைத் தோல் தேறிவிடுகிறது. சனி காலை மூன்று மணி நேரம் ஃப்ளோர், அதாவது தரை விரிப்பில் கரணம் அடிப்பது, கடைசியில் பலம் ஏற்றும் கண்டிஷனிங். ஞாயிறு லீவு. ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் வார்ம் அப், உடம்பு களைக்கும் முன்பே கஷ்டமான வித்தை, பலம் ஏற்றும் பயிற்சி பிறகு, கால்களை நேர்கோட்டில் விரிக்கும் ஸ்ப்ளிட்டில் அழுத்தி உட்காருவது எல்லாம் முடிந்த பின். களைத்த உடம்பில் புது வித்தை பழகினால் தப்பாகப் பதிந்துவிடும் என்பார் அவர்.

கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 11 மணி நேரம். மகளின் வயதும் 11. இது தற்செயல் இல்லை. வயதைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் ஒரே விளையாட்டில் பழகும் பிள்ளைகளுக்குக் கடுமையான காயங்கள் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பும் பரிந்துரைக்கிறது. ஒரு மாதம் விட்டால் உடம்பு இறுகும் என்பது சரிதான். ஒரு வியாழக்கிழமையில் இறுகாது.

எங்கள் தொழிலில் வளரும் பிள்ளைக்குப் பாவாடை சட்டை தைத்தால் உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். ஒட்ட வெட்டினால் ஆறு மாதத்தில் பிடிக்கும், பிரித்து விடவும் முடியாது. அட்டவணைக்கும் அப்படி உள்ளே கொஞ்சம் துணி விட வேண்டும். பரீட்சை வாரத்தில் எங்களுக்குப் பயிற்சி இரண்டு நாள்தான். பீம் அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர். எங்கள் வராந்தாவில் தையல் சாக்கால் நாலு அங்குல இடைவெளியில் இரண்டு கோடு இழுத்துக் கொடுப்பேன். படித்து அலுத்தால் பத்து நிமிடம் அதில் குதிகாலைத் தூக்கி நடப்பாள். அது போதும்.

தீபாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 0.15 புள்ளியில் அவருக்கு வெண்கலம் கைநழுவிய செய்தி எங்கள் வீட்டிலும் கண்ணீர் வரவைத்தது. அடுத்த ஆண்டே அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பொறுத்திருந்து மீண்டு 2018ல் துருக்கியில் தங்கம் வென்றார். 2024ல், முப்பது வயதில், தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன் ஆனார். அவருடைய உழைப்பைச் சொல்லும்போது இந்தக் காத்திருப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெண்களுக்கான சர்வதேச சீனியர் போட்டிகளில் இறங்க அந்த ஆண்டில் 16 வயது ஆக வேண்டும் என்ற விதி 1997 முதல் இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. எதற்கு இந்த அவசரம்?

பயிற்சிக்கூடங்களை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். எந்தக் கிழமை எந்தக் கருவி, எந்தக் கிழமை ஓய்வு என்று வயதுவாரியாக எழுதிச் சுவரில் மாட்டுங்கள். போட்டி நேரத்தில் அதை மாற்றுவதாக இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பள்ளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால் அவள் அந்தப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவாள், இருந்த ஓய்வும் போய்விடும். பெற்றோர்கள் வாரம் ஒரு முறை பிள்ளையின் கையை விரித்துப் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் அட்டவணை வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு, தங்கள் அலுவலகம் வழியாக நகல் அனுப்பத் தயாராக இருக்கிறேன். பென்சிலில் எழுதியது. மாதம் ஒரு முறை கோச்சும் நானும் உட்கார்ந்து அழித்து எழுதுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவியின் தாய்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.