சைட்ஸ்லிப்பை மாணவர் கையில் கொடுங்கள்

மதிப்புக்குரிய விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலைநாட்டில், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் விமானம் என்றாலே பெரியவர்கள் 1974 டிசம்பரில் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரைப் பலிகொண்ட விமானத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்தும் பறக்க ஆசைப்பட்டேன், கற்றேன்.

விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, வேகம் ஏறாமல் உயரத்தைக் குறைக்கும் முறைதான் சைட்ஸ்லிப். நான் படித்த இடத்தில் அதை ஒரே ஒரு தடவை செய்து காட்டினார்கள். "ஃபிளாப் இருக்கே, இது எதுக்கு?" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். ஃபிளாப் என்பது இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கும் தகடு. லைசென்ஸ் எடுத்த பிறகுதான் ஒரு மூத்த ஆசிரியரிடம் அதை முறையாகப் பழகினேன்.

எஞ்சினை ஐட்லில், அதாவது மிகக் குறைந்த சக்தியில், வைத்தார். "இடது இறக்கையைத் தாழ்த்து, வலது ரடரை முழுசா மிதி" என்றார். ரடர் என்பது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு, அதைக் காலால் இயக்குவோம். மூக்கு வலப்பக்கம் திரும்பியது, ஓடுபாதை இடது ஜன்னலோரம் வந்து நின்றது. உடம்பு கதவுப் பக்கம் சரிந்தது, ரடரை மிதித்த கால் நடுங்கியது. ஆனால் விமானம் ஓடுபாதையை நோக்கி நேராகவே போனது, வேகம் ஏறாமல் உயரம் மட்டும் மளமளவென்று குறைந்தது. கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து செங்குத்தான மலையில் இறங்கும்போது அம்மா காலைப் பக்கவாட்டில் வைத்துத்தான் இறங்குவார். நேராக இறங்கினால் ஓட்டமாகிவிடும். அன்று எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"மீட்டரை மட்டும் நம்பாதே" என்றும் சொன்னார். விமானம் பக்கவாட்டில் போகும்போது காற்றழுத்தத் துளையில் காற்று சரியாகப் படாது, வேகமானி பொய் சொல்லலாம். மூக்கின் நிலையையும் காற்றின் சத்தத்தையும் வைத்துத்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். வெளியே வரும்போது ரடரையும், இறக்கையைச் சாய்க்கும் எய்லரானையும் சேர்த்தே விட வேண்டும், மூக்கு மேலே எழும்ப விடக்கூடாது. இதெல்லாம் ஒரு தடவை பார்த்து வருகிற பழக்கமா?

எச்சரிக்கையும் வேண்டும்தான். செஸ்னா 172இன் சில மாடல்களில், ஃபிளாப்பை நிறைய இறக்கிக்கொண்டு பெரிய சிலிப் (சைட்ஸ்லிப்பைத்தான் சுருக்கமாக இப்படிச் சொல்வோம்) செய்வதைத் தவிர்க்கக் கையேடே சொல்கிறது. அதையும் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள். வெறுமனே பயமுறுத்தினால், மாணவர் இறங்கும் திருப்பத்தில் ரடரை அதிகமாக மிதித்து ஸ்கிட் செய்வதற்கும் சிலிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போவார். விமானத்தை ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி, விழ வைப்பது பெரும்பாலும் அந்த ஸ்கிட்தான்.

1983இல் கனடாவில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767ஐ கேப்டன் பொப் பியர்சன் கிம்லியின் பழைய ஓடுதளத்தில் இறக்கியதும் சிலிப்பால்தான். அவர் கிளைடர் ஓட்டிப் பழகியவர். விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

எங்கள் மலைநாட்டைப் பாருங்கள். எஞ்சின் நின்றால் இறங்குவதற்கு என்ன இருக்கிறது? தேயிலைச் சரிவு, நீர்த்தேக்கம், யூகலிப்டஸ் மரங்கள் சூழ்ந்த ஒரு தோட்டத்து மைதானம். உயரம் குறைவாக வந்தால் மரத்தில் மோதுவோம், கூடுதலாக வந்தால் மைதானத்தைத் தாண்டிவிடுவோம். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வந்து, மரத்தைக் கடந்ததும் மிச்ச உயரத்தைச் சிலிப்பில் கரைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிளாப்பை ஒரு தடவை இறக்கிவிட்டால், அந்த நேரத்தில் திரும்ப ஏற்றுவது ஆபத்து. சிலிப்பை வேண்டும்போது பிடிக்கலாம், போதும் என்றால் விட்டுவிடலாம்.

தனியாகப் பறக்க அனுப்புவதற்கு முன்பே, மாணவர் தானாகவே இரு பக்கமும் சிலிப் செய்து இறக்கும் வரை பழக்குங்கள். அப்புறம் ஹட்டன் பக்கம் அழைத்து வரும்போது, நல்ல உயரத்தில் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்: "தம்பி, எந்த மைதானம்? மிச்ச உயரத்தை எப்படிக் குறைப்பாய்?"

அன்புடன்,
மலைநாட்டிலிருந்து உங்கள் பழைய மாணவன்