நீலத் துணியில் உள்ள எழுத்து

டோக்கியோ,
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை என்று அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். வேலை மிகுதியே காரணம். நான் நலமாகவே இருக்கிறேன். நான் அனுப்பிய படத்தில் எனக்குப் பின்னால் தொங்கும் நீலத் துணியில் இரண்டு எழுத்துகள் இருப்பதைக் கவனித்து, அவற்றின் பொருளைக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவது ‘ஆண்’ என்பதைக் குறிப்பது. இரண்டாவதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் இந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு அந்த எழுத்தோடுதான் கழிகிறது.

ஜப்பானியர் அதை ‘யு’ என்று படிக்கிறார்கள், பொருள், வெந்நீர். பொதுக் குளியற்கூடங்களின் வாசலில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று காட்ட, ஆண் அல்லது பெண் என்னும் எழுத்தோடு இந்த எழுத்தைச் சேர்த்துத்தான் தொங்கவிடுவார்கள். என் அறையில் குளியலறை இல்லையே என்று அம்மா வருந்த வேண்டாம். 500 யென்னுக்குச் சற்று மேல் கொடுத்தால், கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து எலும்பு வரை ஏறிய குளிரை இறக்கிவிட்டு வரலாம். தினமும் போவதில்லை, இக்குளிரில் அது தேவையும் இல்லை.

எழுத்தின் இடப்பக்கத்தில் இருக்கும் மூன்று சிறு கோடுகள் நீரைக் குறிப்பவை. வலப்பக்கம் ஒலியைக் காட்டுவது. வெயிலையும், யின்–யாங் (இருள்–ஒளி) என்னும் சீன இணையில் வரும் யாங்கையும் எழுதும் எழுத்திலும் இதே பகுதி உண்டு. கி.பி. 100-ஆம் ஆண்டளவில் சூ ஷென் தொகுத்த சீன அகராதி, இதற்குச் ‘சூடான நீர்’ என்று மட்டுமே பொருள் சொல்கிறது. அதற்கும் சில நூற்றாண்டுகள் முந்திய மென்சியஸ் என்னும் சீன அறிஞரின் நூலில், குளிர்காலத்தில் மக்கள் இதைக் குடிக்கிறார்கள், கோடையில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஓர் இடம் வருகிறது. பிறந்த மண்ணில் மாறிவிட்ட பழைய பொருளை, எழுத்தைக் கடன் வாங்கிய ஜப்பான் அன்றாட வழக்கில் காத்து வைத்திருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

சீனாவின் குவாங்தொங் மாகாணத்திலிருந்து வந்த பக்கத்து அறைப் பாட்டி, இதற்கு வெந்நீர் என்று பொருள் சொன்னால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். இன்றைய சீனத்தில் இது ‘தாங்’, அதாவது சூப். குளியற்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் ‘ஆண்கள் சூப், பெண்கள் சூப்’ என்று உரக்கப் படித்துச் சிரிப்பார். ஞாயிறு காலை முழுவதும் தாமரைக் கிழங்கும் நிலக்கடலையும் அவர் அடுப்பில் மெல்லக் கொதிக்கும். நான் சைவம் என்பதால் எலும்பு சேர்க்காமல் தனியாக ஒரு கிண்ணம் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை வாசலிலேயே நிற்பார். என்னோடு வேலை செய்யும் கொரிய நண்பருக்கோ இரண்டு பொருளும் வழக்கில் உண்டு: கோழி சூப் ‘சாம்கேதாங்’, குளியற்கூடம் ‘மோக்யோக்தாங்’. அங்கே குளிர்ந்த நீர்த் தொட்டிக்கும் ‘நேங்தாங்’ என்று இதே எழுத்தைச் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் சளி பிடித்தபோது மருந்துக்கடையில் ‘கக்கொன்தோ’ என்ற தூளைக் கொடுத்தார்கள். அந்தப் பெயரின் கடைசி எழுத்தும் இதுவே. இங்கே அதற்குக் கஷாயம் என்று பொருள். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்சிங் என்ற சீன மருத்துவர் எழுதி வைத்த மருந்துச் செய்முறை அது. வெந்நீரில் கலக்கியதும் இஞ்சியும் பட்டையும் அதிமதுரமும் கலந்த வாசனை எழுந்தது. அப்பத்தா இருந்தவரை நமக்குப் போட்டுக் கொடுத்த கஷாயத்தின் வாசனை, அப்பா. அன்றிரவு யாரிடமாவது தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது; அங்கே நள்ளிரவு கடந்திருக்கும் என்பதால் அழைக்கவில்லை.

தங்கைக்கு வந்திருக்கும் திருச்சி வரனைப் பற்றிச் சித்தப்பா என்ன நினைக்கிறார் என்று எழுதுங்கள். பையன் வீட்டார் அவசரப்படுத்தினாலும் அவளுடைய தேர்வு முடியும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். இம்மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும், வேறொன்றும் இல்லை. அதுவரை கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்தே ஓட்டுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். மேலக்காட்டுப் பங்கில் அத்தையின் கையெழுத்து வாங்காமல் பத்திரப் பதிவுக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

தங்கள் அன்பு மகன்